நோய்க்கு மொழியில்லை, நோயாளிக்கு உண்டு

1980-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென் புளோரிடாப் பகுதியில், 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டான். திடீரென்று தலைவலி என்றவன் சற்று நேரத்தில் விழுந்துவிட்டான். உடன் வந்தோர் கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். ஆங்கிலம் நன்கு அறியாதவர். உண்ட உணவில் ஏதோ ஒவ்வாமற் போயிற்று என்று கருதி, தம் ஸ்பானிய மொழியில் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். கியூபா மக்களின் வழக்கில் அதற்கு அதுவே பொருள். ஆங்கிலச் செவிக்கோ அது ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்று கேட்டது. போதையுற்றான் என்பது அதன் பொருள். போதை மருந்தை மிகுதியாக உட்கொண்டவன் என்று முடிவு செய்து, அதற்கான சிகிச்சையே நடைபெற்றது. இரண்டு நாள் கழித்துத்தான் மூளையில் குருதி கசிந்திருப்பது தெரிய வந்தது. உயிர் பிழைத்தான்; ஆனால் கை கால் நான்கும் செயலற்றுப் போயின. அவன் வாழ்நாள் முழுமைக்கும் ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் இழப்பீடு தர உடன்பாடாயிற்று.

ஒரு சொல்லின் விலை அது. அங்கே மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, கருவிகளும் இருந்தன. இல்லாதிருந்தது இரு மொழியும் அறிந்த ஒருவர் மட்டுமே.

அமெரிக்காவில் நடந்த கதை நமக்கெதற்கு என்று நேயர்கள் எண்ண வேண்டா. ‘மயக்கமாய் வருகிறது’ என்று நம் வீட்டுப் பாட்டி சொல்கிறார். அருகில் நிற்கும் பேரன் அதனை இந்தியில் எப்படிச் சொல்வான்? தலைசுற்றலாயின் ‘சக்கர்’ என வேண்டும். நினைவிழப்பாயின் ‘பேஹோஷ்’ என வேண்டும். போதையாயின் ‘நஷா’ என வேண்டும். நம் மொழியில் மூன்றுக்கும் ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. எதனைத் தேர்வது என்று அறியாத ஒரு சிறுவனின் நாவில் பாட்டியின் உயிர் ஊசலாடுகிறது. மொழி வேறான ஊரில் வாழ்வோர் அனைவருக்கும் உரிய இடர் இது. இதனைத் தீர்க்க அங்கே செய்து வரும் முயற்சிகளை, வெற்றியும் தோல்வியுமாக, இங்கே காண்போம்.

யார் இம்மக்கள்?

அமெரிக்காவில் ஹிஸ்பானியர் என வழங்கப்படுவோர் மெக்ஸிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார், குவாத்தமாலா, டொமினிக்கன் குடியரசு முதலிய இடங்களை வேராகக் கொண்டவர்கள். அவர்கள் எல்லோரும் நேற்று வந்தவரல்லர். நியூ மெக்ஸிகோவும் கலிபோர்னியாவும் 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையில் மெக்ஸிகோவின் பகுதிகளாகவே இருந்தன. அங்குள்ள பழங்குடும்பங்கள் பல இடம் பெயரவே இல்லை. நாட்டின் எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. ஏனையோர் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் உணவு விடுதி வேலைக்கும் வந்து சேர்ந்தவர்கள்.

2020-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இவர்கள் 6 கோடியே 21 இலட்சம் பேர். அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். இவர்களுள் ஆங்கிலத்தைத் தாய்மொழிபோல் பேசுவோர் மிகப் பலர். ஆயினும் நாடு முழுவதிலும் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேச இயலாதோர் என்று கணக்கிடப்படும் இரண்டரைக் கோடி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்பானிய மொழியினரே.

மருத்துவர் எண்ணிக்கையோ இதற்கு ஈடாக இல்லை. 2018-ஆம் ஆண்டுக் கணக்கில், அந்நாட்டு மருத்துவர் நூற்றுவரில் ஹிஸ்பானியர் 6 பேர் மட்டுமே. நோய்ச் சுமையோ மிகுதி. அந்நாட்டில் வயது வந்த ஒருவருக்குத் தம் வாழ்நாளில் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்றால், ஹிஸ்பானியருக்கு அது 50-க்கும் மேல் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. அவர்கள் அந்நோயை ‘அசுக்கார்’ என்பார்கள். சர்க்கரை என்று பொருள். நாமும் ‘சர்க்கரை’ என்றுதானே சொல்கிறோம்!

குழந்தையின் தலையில் ஏற்றிய சுமை

இத்தகைய குடும்பங்களில் மொழிபெயர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் குழந்தையின் தலையில் விழுகிறது. பள்ளியில் ஆங்கிலம் கற்ற பத்து வயதுச் சிறுமி, தாயை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்கிறாள். கருப்பை, கட்டி, குருதிப்போக்கு ஆகிய சொற்களை அவள் எம்மொழியிலும் அறியாள். அறிந்தாலும், தாய் தன் மகளிடம் அவற்றைச் சொல்ல நாணுகிறாள். தீய செய்தியாயின், அதனைத் தாய்க்கு முதலில் அறிவிக்கும் கொடுமையும் அச்சிறுமிக்கே வாய்க்கிறது.

2003-ஆம் ஆண்டில் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் குழந்தை மருத்துவரைக் கண்ட 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, சொல் சொல்லாக ஆராய்ந்தார்கள். மொழிபெயர்ப்பில் 396 பிழைகள் இருந்தன. ஒரு சந்திப்புக்குச் சராசரி 31. வாய்வழியே கொடுக்க வேண்டிய மருந்தைக் குழந்தையின் காதில் ஊற்றுமாறு தாய்க்குச் சொல்லப்பட்டதும் அவற்றுள் ஒன்று.

2012-இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. நோயாளிக்குத் தீங்கு பயக்கத்தக்க பிழைகள், பயிற்சியற்ற உறவினரோ பிறரோ மொழிபெயர்க்கும்போது நிகழும் பிழைகளில் நூற்றுக்கு 22. மொழிபெயர்ப்பாளரே இல்லாதபோது 20. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது 12. அத்தொழில்முறையாளர் நூறு மணி நேரத்திற்குக் குறையாத பயிற்சி பெற்றவராயின் அது 2 மட்டுமே. இதன் கருத்து யாது? இரண்டு மொழி தெரிந்திருப்பது வேறு. இரண்டு மொழிக்கும் இடையே நின்று பணிபுரிவது வேறு. பின்னது கற்றுத் தேர வேண்டிய ஒரு தொழில்.

மருந்துச் சீட்டும் வஞ்சிக்கும். நாளைக்கு ஒரு முறை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்று எழுதுவர். அதே எழுத்துகளை ஸ்பானிய மொழியினர் ‘ஓன்ஸே’ என்று படிப்பர். பதினொன்று என்பது அதன் பொருள்! ஒரு மாத்திரை பதினொன்றாகும் விபரீதம் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கிறது.

துபாஷி திரும்பி வந்தார்

நம் நாட்டில் பழங்காலத்தில் வணிகர்க்கும் ஆட்சியாளர்க்கும் இடையே துபாஷிகள் இருந்தனர். புதுச்சேரியில் டியூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை அறியாதார் யார்? துபாஷி என்னும் சொல்லுக்கே இருமொழியாளர் என்பதுதான் பொருள். அமெரிக்க மருத்துவமனைகளில் இன்று அத்துபாஷி தொலைபேசியிலும் திரையிலும் மீண்டும் தோன்றியிருக்கிறார்.

1982-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், வியட்நாம் அகதிகளோடு காவல்துறையினர் பேசுவதற்கென்று தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை ஒன்று தோன்றியது. பின்னர் அம்முறை மருத்துவமனைகளிலும் பரவியது. ஒரே கருவியில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று மருத்துவர் காதில், மற்றொன்று நோயாளி காதில். நடுவே எங்கோ ஓர் ஊரிலிருந்து துபாஷி பேசுவார். பிறகு படமும் சேர்ந்தது. சக்கரம் பொருத்திய தண்டில் ஒரு திரையை நோயாளியின் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வருவார்கள்.

இம்முறைக்கு ஒழுங்குகள் உண்டு. துபாஷி ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லலாகாது. நோயாளி சொன்னவாறே ‘எனக்கு வலிக்கிறது’ எனல் வேண்டும். தாமாகச் சேர்க்கலாகாது, நீக்கலாகாது. கேட்டதை வெளியில் சொல்லலாகாது. மருத்துவர் துபாஷியை நோக்காது நோயாளியின் முகத்தை நோக்கியே பேச வேண்டும். இறுதியில், ‘மருந்தை எப்படி உண்பீர்கள், சொல்லுங்கள்’ என்று நோயாளியைத் திரும்பச் சொல்லச் செய்ய வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எவரும் தலையசைத்துவிடுவர். திரும்பச் சொல்லும்போதுதான் உண்மை வெளிப்படும்.

இதனினும் சிறந்தது, மருத்துவரே இருமொழியாளராய் இருத்தல். தொலைமருத்துவத்தின் பெருநன்மை இங்கே விளங்குகிறது. ஸ்பானிய மொழி அறிந்த மனநல மருத்துவர் ஒருவர் ஒரு பெருநகரில் இருப்பார். முந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள சிற்றூரில் அவரைப் போன்றவர் ஒருவரும் இரார். திரை அவ்விருவரையும் ஒரே அறையில் அமர்த்துகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பள்ளியில் கற்ற அரைகுறை ஸ்பானியத்தோடு துணிந்து பேசும் மருத்துவரால் விளையும் தீமை, மொழியே அறியாதவரால் விளைவதற்குக் குறைந்ததன்று. ‘எம்பராஸாடா’ என்ற சொல்லைக் கேட்டு, நோயாளி வெட்கப்படுகிறாள் என்று ஆங்கில வழியில் பொருள் கொள்வார் அவர். அவளோ தான் கருவுற்றிருப்பதைச் சொன்னாள்! ஆகவேதான் மருத்துவரின் மொழித்திறனைத் தேர்வு வைத்து அறியும் வழக்கம் சில நிறுவனங்களில் ஏற்பட்டுள்ளது.

நியூ மெக்ஸிகோவில் ஓர் இந்தியர்

நியூ மெக்ஸிகோ பரந்த நிலம். மக்கள் நெருக்கம் குறைவு. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஹிஸ்பானியர். அல்புகர்க்கி நகரில் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நோய் மருத்துவராக இருந்தவர் இந்தியாவில் பிறந்த சஞ்சீவ் அரோரா. ‘ஹெபடைடிஸ் சி’ என்னும் கல்லீரல் அழற்சியால் துன்புற்றோர் அவரைக் காண எட்டுத் திங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. நெடுந்தொலைவு பயணம் செய்ய நேர்ந்தது. அதற்குள் சிலர்க்கு நோய் முற்றிவிடும்.

2003-ஆம் ஆண்டில் அவர் ஒரு புது வழி கண்டார். நோயாளிகளைத் திரையில் காண்பதற்கு மாறாக, சிற்றூர்களில் உள்ள மருத்துவர்களையும் செவிலியரையும் வாரந்தோறும் திரையில் கூட்டினார். அவர்கள் தம் நோயாளியின் பெயரை மறைத்து நிலையை விளக்குவர். வல்லுநர் குழு வழி சொல்லும். சுற்றியிருப்போர் யாவரும் கற்பர். ‘எக்கோ’ என்று பெயர் பெற்ற இத்திட்டத்தின் பயனை 2011-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 57.5 பேர் குணமடைந்தனர். சிற்றூர்களிலும் சிறைச்சாலைகளிலும் இத்திட்டத்தின்வழிச் சிகிச்சை பெற்றோரில் 58.2 பேர் குணமடைந்தனர்.

மொழியை எண்ணிப் பார்க்கும்போது இம்முறையின் அருமை இன்னும் தெளிவாகும். அறிவு கம்பி வழியே வருகிறது. நோயாளியின் கையைப் பற்றிப் பேசுபவரோ அவ்வூராரே. அவர் அவ்வூர்ப் பேச்சை அறிவார். நோயாளியின் தாயையும் அறிவார்.

கதவு திறந்தது, படி உயரமாயிற்று

2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவியபோது மருத்துவமனைகள் தம் வாயில்களைச் சுருக்கிக்கொண்டன. மார்ச்சுத் திங்களில் அமெரிக்க அரசாங்கம் தொலைமருத்துவத்திற்கான விதிகளைத் தளர்த்தியது. சில வாரங்களில் இலட்சக்கணக்கானோர் திரைக்கு மாறினர். ஆனால் யார் மாறினர்?

அழைப்புச் செய்தி ஆங்கிலத்தில் வந்தது. கடவுச்சொல் அமைக்கும் வழி ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவரும் நோயாளியும் சேர்ந்த அழைப்பில் மூன்றாமவராகத் துபாஷியைச் சேர்க்கப் பல ஏற்பாடுகளில் இடமே இல்லை. தொற்றுக்கு முன்பே நிலை இதுதான்: கலிபோர்னியாவில் 2015 முதல் 2018 வரை திரட்டிய விவரங்களின்படி, ஆங்கிலம் நன்கு அறிந்தோரில் நூற்றுக்கு 12.3 பேர் தொலைமருத்துவத்தைப் பயன்படுத்தினர், அறியாதோரில் 4.8 பேர் மட்டுமே. இணைய வசதியிலும் வேற்றுமை உண்டு. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றில், வெள்ளையரில் நூற்றுக்கு 80 பேர் வீட்டில் விரைவு இணையம் உடையவர். ஹிஸ்பானியரில் 65 பேர்.

ஆகவே இயந்திரத்தை மட்டும் வைத்தால், இருப்பவனுக்கே மேலும் கிடைக்கும்; இல்லாதவன் இன்னும் பின்தங்குவான். இதற்கு மாற்றாக எழுந்த வழிகள் எளியவை. படமின்றி வெறுந்தொலைபேசியில் பேசுவதையும் மருத்துவச் சந்திப்பாகக் கணக்கிட்டனர். முன்னறிவிப்பை ஸ்பானிய மொழியில் அனுப்பினர். ‘புரொமோட்டோரா’ என வழங்கும் பெண் சுகாதாரத் தொண்டர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு உதவினர். இவர்கள் அத்தெருவிலேயே வாழ்ந்து, பயிற்சி பெற்று, மருத்துவமனைக்கும் மக்களுக்கும் இடையே நடப்பவர்கள். செல்பேசியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டுவதும் இன்று அவர்கள் தொண்டில் ஒன்றாயிற்று. 2023 சூலையில், 988 என்னும் நாடளாவிய மனநல உதவி எண்ணிலும் ஸ்பானிய மொழியில் எழுத்துவழி உரையாடும் வசதி சேர்க்கப்பட்டது.

இரு மொழியும் போதாத இடம்

கலிபோர்னியாவின் சலினாஸ், ஆக்ஸ்னார்டு வட்டாரங்களில் ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர் பலர் மெக்ஸிகோவின் பழங்குடியினர். அவர்கள் தாய்மொழி மிஸ்டெக்கோ, திரிக்கி முதலியன. ஸ்பானியம் அவர்களுக்கும் அயல்மொழி. மெக்ஸிகோவிலிருந்து வந்தவராயிற்றே என்று ஸ்பானியத் துபாஷியை அழைத்தால், மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டு ஒன்றும் விளங்காமல் திரும்புவர். சலினாசிலுள்ள நாட்டிவிடாட் மருத்துவமனை இம்மொழிகளுக்கே துபாஷிகளைப் பயிற்றுவித்துத் தொலைபேசி வழியே பிற ஊர்களுக்கும் உதவி வருகிறது. ‘உம் மொழி யாது?’ என்னும் கேள்வியை ஊகத்தால் நிரப்பாமல் கேட்டே அறிய வேண்டும் என்பது இதனால் பெறும் பாடம்.

சொல்லுக்கு அப்பால் நம்பிக்கைகளும் உள. திடுக்கிட்டதால் உடல் நலிந்தது என்பதை அவர்கள் ‘சூஸ்தோ’ என்பார்கள். நாம் ‘பயந்த கோளாறு’ என்போம். குழந்தைக்கு வயிறு மந்தித்து உணவு தங்கிற்று என்பதை ‘எம்பாச்சோ’ என்பார்கள். நம் பாட்டிமார் ‘மாந்தம்’ என்பார்கள். எம்பாச்சோவுக்குச் சில குடும்பங்கள் ‘கிரேத்தா’, ‘அசர்கோன்’ என்னும் பொடிகளைக் கொடுத்து வந்தன. அவை ஈயத்தின் கூட்டுப்பொருள்கள். குழந்தையின் மூளைக்கு நஞ்சு. ‘வேறு மருந்து ஏதேனும் கொடுத்தீர்களா?’ என்று தாயின் மொழியில், ஏளனமின்றி, கேட்பவர் இருந்தால்தான் அந்த உண்மை வெளிவரும்.

சட்டமும் பணமும்

1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், அரசுப் பணம் பெறும் நிறுவனம் எதுவும் ஒருவரைப் பிறந்த நாடு பற்றி வேற்றுமைப்படுத்தலாகாது என்றது. மொழி உதவி மறுப்பதும் அவ்வேற்றுமையே என்பது பின்னர் வளர்ந்த கருத்து. 2010-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமும் அதனை வலியுறுத்தியது. அதன் கீழ் 2016-இல் பிறந்த விதிகள், அவசர நிலையிலன்றிச் சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என்றன. 2000-ஆம் ஆண்டில் அரசுத் துறைகளின் மொழி உதவிக்காகப் பிறந்த ஆணை ஒன்று, 2025 மார்ச்சில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டபோது நீக்கப்பட்டது. மேற்சொன்ன இரு சட்டங்களும் அவ்வாணையால் நீங்கவில்லை. துபாஷிக்கு ஊதியம் யார் தருவது என்பதே நாள்தோறும் எழும் வினா. ஏழைகளின் மருத்துவக் காப்புறுதியில் அதனைத் தனியே ஈடுசெய்யும் மாநிலங்கள் சிலவே. உரிமை ஏட்டில் இருந்தும் ஊதியம் பெட்டியில் இல்லையெனில், மீண்டும் அந்தப் பத்து வயதுச் சிறுமியே அழைக்கப்படுவாள்.

நம் இல்லத்துக்குத் திரும்புவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து வந்து எம்முடன் தங்கியிருந்த என் தாயாரை இந்நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அலுவலகத்திலிருந்து அழைப்பு வரவே, இந்தி நன்கறிந்த என் பன்னிரண்டு வயது மகனை உடன் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். ‘பசியில்லை, களைப்பாயிருக்கிறது’ என்று மட்டும் சொல்லிச் சத்து மாத்திரையோடு திரும்பினார் அம்மா. மூன்று திங்கள் கழித்து என் மனைவியிடம்தான் உண்மையைச் சொன்னார்: மாதவிடாய் நின்று இருபது ஆண்டுக்குப் பின் குருதிப்போக்கு. ‘பேரப்பிள்ளையின் வாயால் அதை எப்படியடி சொல்லச் சொல்வேன்?’ என்றாராம். அவர் இறைவன் அருளால் சிகிச்சை பெற்று நலமாய் இருக்கிறார். ஆனால் அம்மூன்று திங்களை எண்ணும்போதெல்லாம் குற்றம் மருத்துவருடையதன்று, என்னுடையதே என்று நெஞ்சு சுடும்.

நம் நாட்டிலும் வழிகள் பிறந்துள்ளன. 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகள் வெளியாயின. அரசின் ‘இ-சஞ்சீவனி’ வாயிலாக 2023 பிப்ரவரிக்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஆலோசனைகள் நடந்தன. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேசலாம். எந்த ஊரில் இருந்தாலும் துயரைத் தாய்மொழியில் சொல்லும் வழி இது. நம் வீட்டு முதியோர்க்கு இவ்வெண்ணை எழுதிக் கொடுத்தல் நலம்.

நாமும் சில செய்யலாம். மருத்துவரிடம் செல்லுமுன் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதுவோம். ‘மயக்கம்’, ‘வாயு’, ‘சூடு’ என்னும் பொதுச் சொற்களை விடுத்து, எங்கே, எப்போது, எப்படி என்று முதலில் தமிழிலேயே தெளிவாகக் கேட்டறிவோம். பெண்களுக்குப் பெண்ணே துணையாகட்டும். சிறுவரைத் துபாஷியாக்க வேண்டா. வெளியூரில் தமிழறிந்த மருத்துவர் இருப்பின், ‘திரையில் பேச இயலுமா?’ என்று கேட்கத் தயங்க வேண்டா. மருத்துவமனைக்கு உடன் சென்று இரு மொழியிலும் உரைக்க வல்ல அன்பர்களின் பட்டியல் ஒன்றை நம் சங்கம் வைத்திருப்பதும் இயலாத செயலன்று. நாடக விழாவுக்கு நாற்பது தொண்டர் முன்வரும் சங்கத்தில், இதற்கு நால்வர் வாராமலா போவர்?

புளோரிடாவில் அவ்விரவு இரு மொழியும் நன்கறிந்த ஒருவர் தொலைபேசியின் மறுமுனையில் இருந்திருந்தால், அவ்விளைஞன் ஒருவேளை இன்றும் நடந்துகொண்டிருப்பான். நம் முதியோர்க்கு அந்த ஒருவராய் இருப்பது நம் கையில் உள்ளது.